அக்கா படத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

"எப்ப செத்தா?"

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஒரு அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பண்டாரவளை பஸ் போய்விட்டதா என்று விசாரிக்கும் குரலில்தான் கேட்டார். ஆனால் பிடித்த சட்டையை விடவில்லை.

யார் செத்தது? எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது!

கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வரி – மியூசியங்களிலும் கண்காட்சிகளிலும் பழைய ஓவியங்களுக்கு லைட் போடுகிறவன் நான். இப்படிச் சொன்னால் உடனே கோயில் தேர், கல்யாண மண்டபம், கலர் கலராக ஓடும் சீரியல் பல்ப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் வெளிச்சத்தைக் கூட்டுகிறவர்கள் வேலை. என் வேலை குறைப்பது. என் மனைவிக்கு இதில் தீராத சிரிப்பு. "பாத்ரூம் பல்ப் ப்யூஸ் போயி ஒரு மாசமாச்சு. அதுவும் உங்க டிசைன்தானா?" என்பாள்.

ஏன் குறைக்க வேண்டும்? ஜவுளிக் கடை வாசலில் தொங்கவிட்ட சேலையைப் பார்த்திருப்பீர்கள். வெயில் பட்ட மடிப்பு மட்டும் வெளுத்துப்போயிருக்கும். காகிதத்தில் வரைந்த வாட்டர் கலர் படங்களுக்கும் அதே கதிதான். அதிலும் ரோஸ் நிறம் இருக்கிறதே… கொஞ்சம் வெளிச்சம் அதிகமானாலும் போய்விடும், திரும்பி வராது. எந்த வெளிச்சத்தில் படத்தைப் பார்க்கிறோமோ அதே வெளிச்சம்தான் படத்தைத் தின்கிறது. என்ன செய்ய? பார்க்காமலும் இருக்க முடியாதே!

அதனால் வெளிச்சத்தை அளந்துதான் கொடுப்போம். அதற்கு ஒரு மீட்டர் உண்டு, லக்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த மாதிரிப் படங்களுக்கு ஐம்பது லக்ஸ். ஒரு சின்ன அறையில் மங்கலான பல்ப் எரிந்தால் வருமே, அவ்வளவுதான். மொத்தத்தில் இது ரேஷன் மாதிரி. ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் பிறகு அதற்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ள வேண்டும்.

சரி. பதுளைக்கு வருவோம்.

நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பங்களாவின் அலமாரி ஒன்றில், கட்டுக் கட்டாக ஓவியங்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் கடைசியாக இருந்த காலத்தில் ஒரு துரைசாணி – துரையின் மனைவி – வரைந்தவை. மலை, மூடுபனி, குதிரை, நாய், பங்களாத் தோட்டத்துப் பூக்கள்… நடுநடுவே தோட்டத்தில் வேலை செய்த எங்கள் ஆட்கள். பதுளை டவுனில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு வாரம் வைக்கிறோம், வந்து லைட் போட்டுத் தாருங்கள் என்றார்கள் கண்காட்சிக்காரர்கள். பதுளை இருக்கும் ஊவா மாகாணம் என்றால் நான் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிடுவேன். பூனாகலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். கொழும்பில் எத்தனை வருஷம் இருந்தாலும் மலை ஏறும் கோச்சி, அதாவது ரயில், அப்புத்தளையைத் தாண்டினால்தான் எனக்கு மூச்சு முழுசாக வரும்.

வயர், ஹோல்டர் எல்லாம் தந்தவர் ரஷீத் நானா. பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். தந்த உரிமையில் தினமும் வந்து என்னோடு சண்டை பிடித்தார்.

"என்ன சேர் இது? லைட் போட வந்துட்டு இருட்டையா போட்டு வெச்சீக்கிறீங்க?"

"கொஞ்ச நேரம் நில்லுங்க நானா, கண்ணு பழகிரும்."

"கண்ணு பழகுறதுக்குள்ள சனம் முட்டிக்கிட்டு விழும்!"

யாரும் விழவில்லை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, நுழைகிற நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கி, உள்ளே ஒவ்வொரு படத்துக்கு மேலும் ஒரு சின்ன மஞ்சள் பல்ப். மூடி போட்டது. வெளிச்சம் படத்தில் மட்டும் விழும், சுவரில் விழாது. முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு படம்தான் என்னைப் படாத பாடு படுத்தியது.

டேலியாச் செடிகளுக்கு நடுவில் பாவாடை தாவணியில் ஒரு பெண். பதினைந்து வயது இருக்கலாம். வலது இடுப்பில் கூடை. இடது கையால் பூப் பறிக்கிறாள். படத்தின் கீழே தோட்டத்தின் பெயரும் 'பூப் பறிக்கும் பெண்' என்ற வரியும் மட்டும் இருந்தன. பெண்ணின் பெயர் இல்லை. அது பரவாயில்லை, எங்கள் ஆட்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? லைட்டைத் திருப்புவதற்காக ஏணியில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் திக்கென்றது. டேலியாவின் ஒவ்வொரு இதழையும் துரைசாணி பொறுமையாக வரைந்திருந்தார். இலையின் நரம்பு தெரிகிறது. பெண்ணின் விரல்கள்கூடத் தெரிகின்றன. முகம் மட்டும் இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. மண் நிறத்தில் ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

நேரம் இல்லையா? மழை வந்துவிட்டதா? அல்லது தேவைப்படவில்லையா?

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் லைட் போடுகிறவன் கோபத்தை வைத்து என்ன செய்வான்? பல்பைக் கொஞ்சம் சாய்த்தேன். வெளிச்சம் பூவிலும் கையிலும் விழுந்து, முகத்துக்கு வருமுன் தேய்ந்துபோகிற மாதிரி வைத்தேன். இறங்கி வந்து பார்த்தால், முகம் நிழலில் இருக்கிறது, பெண் குனிந்திருக்கிறாள் என்று தோன்றியது. வேண்டுமென்றேதான் செய்தேன். அந்தப் பிள்ளையை அப்படி மொட்டையாக விட எனக்கு மனசு வரவில்லை.

அந்த அம்மாவின் பெயர் லெச்சுமி. அறுபத்தைந்தைத் தாண்டியவர். அதே தோட்டத்துக்காரர். அவர் மகள் ஜெயந்தி டவுனில் ஜவுளிக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, இடது கையால் பூப் பறிக்கும் பெண்ணையும் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாராம். லெச்சுமி அக்காவுக்கு ஒரு மூத்த அக்கா. பெயர் பாக்கியம். பங்களாத் தோட்டத்தில் பூ வேலை பார்த்தவர். இடது கைப் பழக்கம். ஒருநாள் துரைசாணி தன்னை நிற்க வைத்துப் படம் வரைந்ததாக வீட்டில் வந்து சொன்னவர். அம்மா வாயால் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் ஜெயந்தி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். நல்ல சேலை, தலையில் பூ. வெயிலில் இருந்து வந்த லெச்சுமி அக்கா நடையில் நிற்கவே இல்லை. கண் பழகட்டும் என்று நான் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. தட்டுத் தடுமாறி மகள் காட்டிய படத்துக்கு முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். மேலே எரிந்த சின்ன பல்பைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"நீங்கதானே தம்பி லைட் போட்டது?"

"ஆமாங்க்கா."

"எப்ப செத்தா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மறைக்காதீங்க. இந்தியாவுல இருந்து சேதி வந்திருக்கும்ல. தெரியாமயா பல்ப் போட்டு வச்சிருக்கீங்க? நேரா சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். எங்கக்கா எப்ப செத்தா?"

அடக் கடவுளே!

எங்கள் வீடுகளில் செத்துப்போனவர்களின் படத்துக்கு மேலே ஒரு சின்ன பல்ப் எரியும். பகலிலும் அணைக்க மாட்டோம். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு அப்படிப் போட்டால் வீட்டில் அடிதான் விழும். லயத்தில் பிறந்தவன் நான், எனக்கே இது தோன்றவில்லையே! வெளிநாட்டுப் பாடமெல்லாம் படித்து, மீட்டர் வைத்து அளந்து, எல்லாப் படங்களுக்கும் இழவு வீட்டு விளக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். துரைசாணியின் நாய்க்கும் சேர்த்து.

ஓர் ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விளக்கிச் சொன்னேன். படம் பழசு, வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும், அதனால்தான் சின்ன பல்ப், எங்கேயிருந்தும் எந்தச் சேதியும் வரவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடைந்து அழுதார். அழுதுகொண்டே திட்டினார்.

"அட பாவி மனுசா! உசுரோட இருக்கவளுக்கா இதப் போட்டு வச்ச? என் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சே!"

"அம்மா, சும்மா இரும்மா…" என்றார் ஜெயந்தி.

"விடுங்க. திட்டட்டும்" என்றேன். வாங்க வேண்டிய திட்டுத்தானே?

பாக்கியம் உயிரோடு இருக்கிறாரா என்பது உண்மையில் யாருக்கும் தெரியாது. இலங்கையும் இந்தியாவும் போட்ட குடியுரிமை ஒப்பந்தம் வந்து தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று பங்கு போட்ட காலம். பாக்கியத்தைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இந்தியா என்று வந்தது. பிறந்த வீட்டுக்கு இலங்கை. ஜனங்களை இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போன அந்த ரயிலுக்கு எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். பதுளை ஸ்டேஷனில் அக்கா ஏறினார், தங்கை பிளாட்பாரத்தில் நின்றார். அதோடு சரி. கொஞ்ச காலம் கடதாசி வந்ததாம். அப்புறம் வேறு எங்கோ வேலை தேடிப் போகிறோம் என்று ஒரு சேதி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"போட்டோ ஒண்ணும் இல்லையாங்க்கா?"

"ஒரே ஒரு தடவ எடுத்தாங்க. பாஸ்போட்டுக்கு. அது பாஸ்போட்டோட போயிருச்சு."

என் வீட்டிலும் ஒரு சித்தப்பா அப்படிப் போனார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அப்பா சொன்ன மூக்கையும் மீசையையும் வைத்து நானாக ஒன்று செய்து வைத்திருக்கிறேன். திருச்சிப் பக்கம் எப்போதாவது போனால், பஸ்ஸில் வயசான ஆள் யாரைப் பார்த்தாலும் அந்த மூக்கைத் தேடுவேன். இந்தப் பக்கம் எந்த லயத்துக் கதவைத் தட்டினாலும் இப்படித் தேடுகிற ஆள் ஒருவர் இருப்பார். போனவர்களுக்காவது புது ஊர், புது மண், புதுப் பாடு. இருந்தவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை, அதே லயம், அதே மலை, ஆள் மட்டும் இல்லை. அதுதான் கொடுமை.

லெச்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறுபடி படத்துக்கு முன்னால் போனார்.

"தம்பி, பெரிய லைட்டப் போடுங்க. எனக்குக் கண்ணுல பொர விழுந்திருக்கு. அக்கா மொகத்த நல்லா பாக்கணும்."

நான் படத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அது… சாயம் போயிரும்க்கா."

"ஒரு நாள்ல போயிருமா?"

"ஒரு நாள்ல போகாது. ஆனா எல்லாருக்கும் ஒரே சட்டம்…"

நான் சொன்னதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கொஞ்ச நேரம் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் செத்துப்போகாது, பிறகு குறைத்து ஈடு கட்டிவிடலாம். நான் பயந்தது படத்துக்காக அல்ல. முகம் இல்லாத ஒரு படத்தில் முகத்தைத் தேடி வந்திருக்கிறாரே! சொல்லிவிடலாமா? 'அக்கா, அதில் முகம் வரையவே இல்லை' – இத்தனை வருஷம் காத்திருந்தவரிடம் எந்த வாயால் சொல்வது?

அவர் விடவில்லை.

"எங்க லயத்துக்கு கரண்ட் வர முந்தியே அவ போயிட்டா தம்பி. லைட் வெளிச்சத்துல அவள நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு தடவ போடுங்க."

இதற்கு மேல் எந்தச் சட்டத்தைச் சொல்ல? நானும் மனுஷன்தானே.

ஏணியில் ஏறி பல்பின் சாய்வை நிமிர்த்தினேன். இறங்கி வந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் கை வைத்தேன். மெதுவாகத்தான் திருப்பினேன், கடைசி நிமிஷத்தில் போதும் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை. டேலியா முதலில் வந்தது. அடடா, என்ன ரோஸ்! அலமாரிக்குள் கிடந்ததால் நேற்றுப் பறித்தது போல் இருந்தது. பிறகு கூடையின் பின்னல். பிறகு அந்த இடது கை. பிறகு…

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

லெச்சுமி அக்கா படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"டேலியாவ நல்லா வரஞ்சிருக்கு தொரசாணி" என்றார் கடைசியில்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கை அவ கைதான். பாருங்க, சுண்டு வெரல தூக்கிக்கிட்டுத்தான் எதையும் எடுப்பா." கண்ணாடியில் விரலை மேலே நகர்த்தி, "மொகத்த போடலயே தம்பி" என்றார்.

"ஆமாங்க்கா."

"காலைல நிக்க வச்சு மத்தியானம்தான் விட்டுச்சாம். கால் வலின்னு அன்னைக்கு அழுதா. நான்தான் தேச்சுவிட்டேன். அவ்வளவு நேரம் என்னத்தப் பாத்துச்சு அந்தப் பொம்பள?"

வரைந்தது நான் இல்லை, ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. வெளிச்சம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நாம் நம்புகிறோம். காட்டாது. இருப்பதைத்தான் காட்டும். இல்லாததையும் இல்லை என்று பட்டவர்த்தனமாகக் காட்டிவிடும்.

ஜெயந்தி அம்மாவின் தோளைத் தொட்டார். "வாம்மா, போவோம்."

"இரு" என்றார். என் பக்கம் திரும்பினார். "லைட்ட கொறச்சிருங்க."

"அக்கா, மன்னிச்சிருங்க, நான் முன்னமே…"

"மொதல்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வைங்க தம்பி. அதுல அவ மொகம் இருந்துச்சு. உள்ள வந்ததும் பாத்தேனே! பாத்துத்தானே செத்துட்டாளோன்னு பதறுனேன்."

மறுபடி ஏணி. மறுபடி சாய்வு. டிம்மரைத் திருப்பினேன். ரோஸ் மங்கியது, கூடை மங்கியது, மண் நிறப் பூச்சின் மேல் நிழல் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை அல்ல, லெச்சுமி அக்காவை. புருவம் தளர்ந்தது. உதடு அசைந்தது. யாரையோ அடையாளம் கண்டுகொண்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ம்… இருக்கா" என்றார்.

மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். படத்திடம் என்னவோ பேசினார். எல்லாம் காதில் விழவில்லை, நானும் ஒட்டுக் கேட்கவில்லை. "நான் அங்கனயேதான் இருக்கேன், அதே லயம்தான்" என்பது மட்டும் கேட்டது. எங்கே வந்து தேட வேண்டும் என்று அக்காவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐம்பது லக்ஸில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நமுனுகுல பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜெயந்தி கூட்டிக்கொண்டு போனார். வாசலில் லெச்சுமி அக்கா என்னிடம், "திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இன்னும் நாலு திட்டு சேர்த்துத் திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் போன பிறகு என் தொழில் புத்தி திரும்பி வந்தது. கூடுதலாகச் செலவழித்த வெளிச்சத்துக்கு ஈடு கட்ட வேண்டும். அந்த ஒரு படத்தின் பல்பை மட்டும் அணைத்து, முன்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன். சாயங்காலம் மூடும்வரை அப்படியே இருக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் ரஷீத் நானா வந்துவிட்டார். துணியைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சேர், இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அணைச்சிட்டீங்களா? வார சனம் கேட்டா என்னத்த சொல்ற?"

"இந்தப் படத்தோட வெளிச்சம் இன்னைக்கு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க நானா. இந்தப் புள்ளையோட தங்கச்சி வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."